படத்தில் தெரியாத வாடை

நான் குடித்ததில்லை. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். என் அப்பா குடித்துச் செத்தவர். அந்த வீட்டில் வளர்ந்தவனுக்குச் சாராய வாடை எப்படி இருக்கும் என்று யாரும் சொல்லித்தர வேண்டாம். அதனால்தான் நான் தொடவில்லை.

நான் குடித்துவிட்டு வேலைக்கு வந்ததாகச் சொன்னவர் எங்கள் போர்மேன். கால் தடுமாறியது என்று மட்டும் சொல்லியிருந்தால் விட்டிருப்பேன். கால் தடுமாறியது உண்மைதான். ஆனால் வாடை அடிக்கிறது என்றும் சொன்னார். அது பொய். கால் தடுமாறியதற்குப் பிறகு காரணம் கிடைத்தது. வாடைக்கு அவரிடம் காரணம் கேட்கவேண்டி இருந்தது. அதைக் கேட்கத்தான் அவ்வளவு அலைந்தேன்.

ஊருக்குச் செல்போன் வந்த புதுசு அது. தாயில்பட்டிப் பக்கம் ஒரு பட்டாசுக் கம்பெனியில் எனக்கு வெடிமருந்து கலக்கிற வேலை. விடியற்காலையில், வெயில் ஏறும் முன்னே கலந்து முடித்துவிட வேண்டும். ரூமுக்குள் செருப்புக் கிடையாது. இரும்புச் சாமான் கிடையாது. வாசலில் ஒரு செம்புத் தகடு பதித்திருக்கும். உள்ளே போகிறவன் அதை ஒருதரம் தொட்டுவிட்டுப் போக வேண்டும். உடம்பில் இருக்கிற மின்சாரம் அதில் இறங்கிவிடும் என்பார்கள். உடம்பில் மின்சாரம் இருக்கிறது என்பதை நான் நம்பியதில்லை. ஆனாலும் தொட்டுவிட்டுத்தான் போவேன்.

மருந்து கலக்கிறவன் கை நடுங்கினால் அவன் மட்டும் சாகமாட்டான். சுற்றி இருக்கிற ரூம்களும் போகும். அதனால் எங்கள் பக்கத்தில் திருடன் என்ற பேரோடு கூட இன்னொரு கம்பெனியில் வேலை வாங்கிவிடலாம். குடித்துவிட்டு மருந்தில் கை வைத்தான் என்ற பேர் வந்தால் வாங்க முடியாது. பெண்கள் பக்கத்து ரூமில் உட்கார மாட்டார்கள். போர்மேனுக்கு இது தெரியும். தெரிந்துதான் சொன்னார்.

முதலில் எனக்குக் கண் போனது. வலது கண். ஒரு நாள் காலையில் எழுந்தால் அந்தக் கண்ணில் புகை படிந்த கண்ணாடி வைத்த மாதிரி இருந்தது. சிவப்புத் துணி செங்கல் நிறத்தில் தெரிந்தது. கண்ணை உருட்டினால் உள்ளே வலித்தது. அலுமினியப் பவுடர் பட்டிருக்கும் என்றார்கள். என் மனைவி இளநீர் விட்டாள். சில வாரத்தில் தானாகத் தெளிந்தது. மறந்துவிட்டேன்.

அடுத்த தீபாவளி சீசனில் கால் பிடித்தது. பாதத்துக்குக் கீழே பஞ்சு வைத்துக் கட்டிய மாதிரி. கழுத்தைக் குனிந்தால் முதுகுத்தண்டில் சுரீரென்று ஒன்று இறங்கிக் கால் வரைக்கும் போகும். வெளியில் சொல்லவில்லை. சீசனில் யார் சொல்வார்கள்?

அன்றைக்கு ரூம் வாசலில் தடுமாறினேன். தகட்டைத் தொடக் கையை நீட்டினேன். கை தகட்டுக்குப் பக்கத்தில் சுவரில் போய் இடித்தது. உடம்பு ஒரு பக்கம் சாய்ந்தது. இன்னொரு கையில் வாளி இருந்தது. நல்லவேளை, காலி வாளி.

போர்மேன் வேப்பமரத்தடியில் நின்றிருந்தார். வந்து என் முகத்துக்குப் பக்கத்தில் மூக்கைக் கொண்டுவந்தார். கொஞ்ச நேரம் நின்றார். பிறகு எல்லாரும் கேட்கிற மாதிரி சொன்னார்.

"ஏலே, காலங்காத்தாலயே ஊத்திட்டு வந்துட்டியா? வாடை குப்புன்னு அடிக்கு."

"அண்ணாச்சி, நான் குடிக்க மாட்டேன். ஒங்களுக்கே தெரியும்."

"எனக்கு என் மூக்குதான்லே தெரியும். ஒன் அப்பன் வாடை எனக்குத் தெரியாதாக்கும்? அதே வாடை."

பெண்கள் ரூம்களிலிருந்து எட்டிப் பார்த்தார்கள். ஒருத்தி தன் பிள்ளைகள் பேரைச் சொல்லி அழ ஆரம்பித்தாள். நான் இன்னும் உள்ளேகூடப் போகவில்லை. அதற்குள் அவளைக் கொன்றுவிட்ட மாதிரி அழுதாள்.

அன்றைக்கே என்னை வெளியே அனுப்பினார்கள். மறுநாள் என் ரூமில் போர்மேனின் அண்ணன் மகன் வேலைக்கு வந்தான். அவனுக்கு வேலை வாங்க அவர் ரொம்ப நாளாக அலைந்துகொண்டிருந்தது எல்லாருக்கும் தெரியும். ஆனால் யாரும் இரண்டையும் சேர்த்துப் பார்க்கவில்லை. நான் சேர்த்துப் பார்த்தேன்.

செய்தி எம். புதுப்பட்டிக்குப் போனது. அங்கே என் மனைவியின் அண்ணன் இருந்தார். முன்கோபக்காரர். வந்ததும் செருப்பைக் கழற்றவில்லை.

"மாப்ள, குடிச்சீகளா இல்லையா?"

"இல்ல மச்சான்."

"அப்பக் காளியம்மன் கோயில்ல சூடத்த அணைச்சுச் சத்தியம் பண்ணுங்க. பண்ணிட்டா எவன் பேசுனாலும் அவன் வாயில நான் மிதிக்கேன்."

எங்கள் ஊரில் அதற்கு மேல் கோர்ட் கிடையாது. கல்லில் சூடம் ஏற்றுவார்கள். உள்ளங்கையால் ஒரே அடியில் அடித்து அணைத்து, செய்யவில்லை என்று சொல்ல வேண்டும். அணைந்தால் ஆத்தா ஏற்றுக்கொண்டாள். பொய் சொல்கிறவனுக்குக் கை வராது என்பார்கள். எனக்குப் பயமில்லை. குளித்துவிட்டு ஈரத்தோடு போனேன்.

ஊரே நின்றது. போர்மேனும் வந்திருந்தார். சூடம் ஏற்றினார்கள். நான் குனிந்தேன். இரண்டு சுடர் தெரிந்தது. பக்கத்தில் பக்கத்தில், ஒரே அளவு. எதை அடிப்பது என்று தெரியவில்லை.

"ரெண்டு ஏத்தியிருக்கீகளே" என்றேன்.

முதலில் ஒருத்தன் சிரித்தான். பிறகு கூட்டமே சிரித்தது.

"ஏலே, குடிச்சவனுக்குத்தான்லே ரெண்டு தெரியும்!"

நான் வலது பக்கத்துச் சுடரை அடித்தேன். கை கல்லில் அறைந்தது. சுடர் அப்படியே எரிந்தது. மறுபடியும் அடித்தேன். கை நடுங்கிக்கொண்டே போய் வேறெங்கோ விழுந்தது. அதற்குள் பூசாரி என் கையைப் பிடித்துவிட்டார். "போதும்ப்பா. ஆத்தா ஏத்துக்கல" என்றார். சூடம் தானாக எரிந்து முடிந்தது.

போர்மேன் தோளில் இருந்த துண்டை எடுத்து உதறி மறுபடியும் போட்டுக்கொண்டார். அதை நான் பார்த்தேன். இந்த ஆளை விடக்கூடாது என்று அப்போது முடிவு செய்தேன்.

மச்சான் தன் தங்கச்சியையும் என் மகளையும் கூட்டிக்கொண்டு போய்விட்டார். என் மனைவி வாசலில் கொஞ்சம் நின்றாள். "இல்லன்னு இன்னொருதரம் எங்கிட்ட சொல்லுங்க" என்றாள். நான் சொல்லவில்லை. எத்தனை தரம் சொல்வது? அவள் போனாள்.

நான் வைத்தியத்துக்குப் போனது உடம்பு சரியாகட்டும் என்று அல்ல. எனக்கு ஒரு சாட்சி வேண்டும். ஊரில் ஒருத்தரும் சாட்சிக்கு வரமாட்டார்கள். என் உடம்புதான் வர வேண்டும்.

விருதுநகரில் ஒரு டாக்டர் கேட்ட முதல் கேள்வி, "எவ்வளவு குடிப்பீங்க?" இல்லை என்றேன். அவர் பேனாவை மூடவில்லை. தலையை ஒரு ஸ்கேன் எடுக்கச் சொன்னார். எடுத்தேன். அதில் ஒன்றும் தெரியவில்லை. "குடியை நிறுத்துங்க. சத்து மாத்திரை தர்றேன்" என்றார். அவரையும் மனதில் எழுதிக்கொண்டேன்.

வெளியே ஊசி போடுகிற நர்ஸ் அக்கா ஒருவர்தான் சொன்னார். "மதுரைக்குப் போயி எம்.ஆர்.ஐ. எடுத்துப் பாருங்க அண்ணே. இதுல தெரியாதது அதுல தெரியும்." வீட்டில் இருந்த ஆடுகளை விற்றேன். மதுரைக்குப் பஸ் ஏறினேன். தனியாகத்தான்.

ஸ்கேன் எடுக்கிற பையன் வாசலில் நிறுத்தி இடுப்பைத் தடவிப் பார்த்தான். "இரும்பு எதுவும் இருக்கக் கூடாது. அரைஞாண்ல தாயத்து இருக்கா? கண்ணுல எப்பவாவது இரும்புத் தூள் விழுந்திருக்கா?" என்றான். எங்கள் கம்பெனி வாசலிலும் இதே கேள்விதான். அரைஞாண் கயிற்றை அறுத்துக் கொடுத்தேன். குழாய்க்குள் தள்ளினார்கள். காதுக்குப் பக்கத்தில் டமார் டமார் என்று அடித்தது. "பயமா இருந்தா இந்தப் பந்தை அழுத்துங்க" என்றான். சத்தத்துக்குப் பயப்படுகிற ஊரில் நான் பிறக்கவில்லை.

முதல் படத்தைப் பார்த்துவிட்டு அங்கே எழுதிக் கொடுத்ததை எடுத்துக்கொண்டு ஒரு டாக்டரிடம் போனேன். மூளையில் வெள்ளைப் புள்ளிகள் இருக்கிறது, சின்னச் சின்ன ரத்தக்குழாய் அடைப்பாக இருக்கலாம், புழுவாக இருக்கலாம், வேறு எதாகவும் இருக்கலாம் என்றார். பீடி, குடி எல்லாம் இருந்தால் இப்படி வரும் என்றார். மறுபடியும் குடி. காசு கொடுத்துப் போர்மேனுக்கே சாட்சி வாங்கிய மாதிரி ஆகிவிட்டது.

அங்கிருந்து ஒரு நரம்பு டாக்டரிடம் அனுப்பினார்கள். பெண் டாக்டர். நரைத்த தலை. அதிகம் பேசமாட்டார். எனக்குப் பிடித்தது. ஒரு சுத்தியலால் முட்டியில் தட்டினார். அவர் விரலைத் தொட்டுவிட்டு என் மூக்கைத் தொடச் சொன்னார். விரலுக்குப் பக்கத்தில் காற்றைத் தொட்டேன். கண்ணில் விளக்கு அடித்தார். பிறகு என் பக்கம் திரும்பிக் கேட்டார்.

"இதுக்கு முன்னால எப்பவாவது ஒரு கண்ணு மட்டும் மங்கி, தானா சரியாச்சா?"

எந்த டாக்டரிடமும் நான் சொல்லாத விஷயம். சொன்னேன்.

"நினைச்சேன்" என்றார். "படத்தை மறுபடியும் எடுக்கணும். இந்தத் தடவை ஒரு மருந்து ஏத்தி எடுக்கணும். கழுத்தையும் சேர்த்து எடுக்கணும்."

மறுபடியும் குழாய். மறுபடியும் டமார் டமார். முதுகில் ஊசி குத்தி நீர் எடுத்தார்கள். ரத்தம் எடுத்தார்கள். காசநோய் இல்லை, சத்துக் குறைவு இல்லை என்று ஒவ்வொன்றாகத் தள்ளினார்கள். எல்லாம் வந்த பிறகு அவர் படங்களை வெளிச்சப் பெட்டியில் மாட்டினார். என் மண்டை துண்டு துண்டாக வரிசையில் நின்றது.

"உங்களுக்குப் புரியணும். பாருங்க" என்றார். பென்சில் முனையால் காட்டினார். "மூளைக்கு நடுவுல தண்ணி நிக்கிற இடம் இது. இதோட கரையை ஒட்டி இந்த வெள்ளை எல்லாம் விரல் விரலா நிக்குது, பாத்தீங்களா? ரெண்டு பக்கத்தையும் சேர்க்கிற பாலம் இது. இதுலயும் இருக்கு. ரத்தக்குழாய் அடைப்பா இருந்தா பெரும்பாலும் இந்தப் பாலத்துக்கு வராது. இந்த மாதிரி கரையைத் தொட்டுட்டு நிமிந்தும் நிக்காது. உங்களுக்கு பிரஷரும் இல்ல, சுகரும் இல்ல."

"புழுவுன்னு சொன்னாங்க."

"புழுவா இருந்தா வளையம் மாதிரி இருக்கும். வளையத்துக்குள்ள ஒரு பொட்டு இருக்கும். இதுல அது இல்ல."

பிறகு கழுத்துப் படத்தைக் காட்டினார். தண்டுவடத்தில் ஓர் அரிசி அளவுக்கு வெள்ளை. "இது நீளமா இறங்கியிருந்தா நான் வேற நோயை யோசிச்சிருப்பேன். அதுவும் கண்ணையும் தண்டையும்தான் தாக்கும். வைத்தியம் வேற. உங்களுது சின்னது, ஓரத்துல இருக்கு."

கடைசியாக மருந்து ஏற்றி எடுத்த படம். அதில் இரண்டு புள்ளி மட்டும் பளிச்சென்று எரிந்தது. மற்றதெல்லாம் மங்கலாகக் கிடந்தது.

"இந்த ரெண்டும் புதுசு. மத்ததெல்லாம் பழசு. ஒரே நேரத்துல வந்ததில்ல. இடமும் வேற வேற, காலமும் வேற வேற. அதை வச்சுத்தான் இது அந்த நோய்னு சொல்றோம். மல்டிபிள் ஸ்க்ளிரோசிஸ்."

பேர் நாக்கில் நிற்கவில்லை. எம்.எஸ். என்று சொன்னால் போதும் என்றார். நரம்புக்கு மேலே ஓர் உறை இருக்கிறதாம். உடம்பைக் காக்கிற அணுக்களே அதைக் கடித்துவிடுகிறதாம். திரிக்கு மேல் சுற்றிய தாள் உரிந்தால் நெருப்பு போக வேண்டிய இடத்துக்குச் சரியாகப் போகாது. அது எனக்குப் புரிந்தது. காவலுக்கு வைத்தவனே திருடினால் யார் மேல் கேஸ் போடுவது என்று மட்டும் புரியவில்லை.

எனக்கு வேண்டியது வேறு. அதைக் கேட்டேன்.

"குடிச்சா இப்படி வருமா?"

"வராது. ரொம்ப நாள் குடிச்சவங்களுக்குப் பின்னால இருக்கிற சிறுமூளை சுருங்கியிருக்கும். உங்களுக்கு அளவா இருக்கு."

"எங்க கம்பெனி மருந்துனால வந்ததா?"

"அப்படிச் சொல்ல இதுல ஒண்ணும் இல்ல. நஞ்சு ஏறினா பெரும்பாலும் ஆழத்துல, ரெண்டு பக்கமும் ஒரே மாதிரி தெரியும். இது அது இல்ல."

"அப்ப இவன் குடிக்கலன்னு எழுதிக் குடுங்க."

அவர் கண்ணாடியைக் கழற்றினார். "அதைப் படம் சொல்லாதே. தள்ளாட்டம் எதனால வந்துச்சுன்னு சொல்லும். ரெட்டையாத் தெரியறது எதனாலன்னு சொல்லும். நீங்க ஒரு நாள் குடிச்சீங்களா இல்லையான்னு அதுக்கு எப்படித் தெரியும்? தெரிஞ்சதை எழுதறேன்."

எனக்குக் கோபம் வந்தது. ஆனால் அந்த அம்மா மேல் அல்ல. அவர் தெரிந்ததை மட்டும் சொன்னார். போர்மேன் தெரியாததையும் சொன்னார். இரண்டு பேரையும் பக்கத்தில் பக்கத்தில் நிறுத்திப் பார்க்க எனக்கு ஆசையாக இருந்தது.

படுக்க வைத்துச் சில நாள் மருந்து ஏற்றினார்கள். ரெட்டையாகத் தெரிந்தது ஒன்றாகச் சேர்ந்தது. கால் முக்கால்வாசி வந்தது. நோய் போகாது, வரும், அடங்கும், மறுபடி வரும் என்றார். வராமல் இழுத்துப் பிடிக்கிற ஊசி ஒன்று இருக்கிறது, அதன் விலை உங்களுக்கு எட்டாது என்றும் சொன்னார். சரி என்றேன். பெரிய கவரில் படங்களை வாங்கிக்கொண்டு ஊருக்கு வந்தேன்.

சனிக்கிழமைக்குக் காத்திருந்தேன். சனிக்கிழமை சம்பளம். சாயங்காலம் கம்பெனி ஆபீஸ் வாசலில் எல்லாரும் நிற்பார்கள். ஆண், பெண், போர்மேன், சில நாள் முதலாளியும் வருவார். அன்றைக்கு வந்திருந்தார்.

நான் ஒரு கம்பை ஊன்றிக்கொண்டு போனேன். கவரைப் பிரித்துப் படத்தை மேற்கு வெயிலுக்கு நேரே தூக்கிப் பிடித்தேன்.

"இதப் பாருங்க. நான் தள்ளாடுனது குடியினால இல்ல. நோயினால. டாக்டர் எழுதிக் குடுத்திருக்காக."

எல்லாரும் அண்ணாந்து பார்த்தார்கள்.

"என்னலே இது, நிலக்கடலைய ரெண்டா ஒடச்ச மாதிரி இருக்கு" என்றான் ஒருத்தன்.

"வெள்ளை வெள்ளையா இருக்கே, அதான் சரக்கா?" என்றான் இன்னொருத்தன். "மண்டை வரைக்கும் ஏறிருச்சுபோல."

சிரித்தார்கள். சூடத்தின் முன்னே சிரித்தவர்கள்தான். அந்த அம்மா பென்சிலால் காட்டியபோது எல்லாம் தெளிவாக இருந்தது. இங்கே அதே படத்தில் ஒருத்தருக்கும் ஒன்றும் தெரியவில்லை. எனக்கும் அதைச் சொல்லத் தெரியவில்லை. "கரையை ஒட்டி நிக்கு" என்றேன். "எந்தக் கரைலே, கம்மாக் கரையா?" என்றார்கள்.

போர்மேன் பக்கத்தில் வந்தார். படத்தைக் கையில் வாங்கினார். தலைகீழாகப் பிடித்தார். பிறகு நிமிர்த்திப் பிடித்தார்.

"நோயின்னே வச்சுக்கிடுவோம்லே. தள்ளாட்டத்துக்குப் படம் கொண்டாந்துட்ட. வாடைக்கு? வாடை இந்தப் படத்துல தெரியுமா?"

அதைப் படம் சொல்லாது என்று அந்த அம்மாவே சொல்லியிருந்தார். போர்மேன் படத்தை என் கையில் திணித்துவிட்டுத் திரும்பினார்.

அப்போதுதான் முதலாளி கூப்பிட்டார். ஆபீஸ் படியில் நின்றிருந்தார். டாக்டர் எழுதிய தாளைக் கையை நீட்டி வாங்கினார். இங்கிலீஷ் படித்தவர். மேலிருந்து கீழே படித்தார். மறுபடியும் மேலே போனார். முகம் மாறியது.

"உள்ள வா" என்றார். போர்மேனையும் வரச் சொன்னார். கதவைச் சாத்தினார்.

"மூளை நரம்புல நோயின்னு போட்டிருக்கு. இது எதனால வந்துச்சாம்?"

நான் பேசவில்லை.

"மருந்துனாலயா? நீ எத்தனை வருசமா மருந்துல கை வச்சுக்கிட்டிருந்த?"

"சின்ன வயசுலருந்தே, மொதலாளி."

"டாக்டரு இதப்பத்திக் கேட்டாகளா? நம்ம கம்பெனி பேரு சொன்னியா?"

அவருடைய பயம் எனக்குத் தெரிந்தது. அவர் என் நோயைப் பார்க்கவில்லை. கேஸையும், லைசென்ஸையும், இன்ஸ்பெக்டர் ஜீப்பையும் பார்த்துக்கொண்டிருந்தார். "கம்பெனி மருந்தால் வந்ததில்லை என்று டாக்டர் சொன்னார்" என்று ஒரு வார்த்தை சொன்னால் அவர் மூச்சு விட்டிருப்பார். தாளை என்னிடம் கொடுத்து அனுப்பியிருப்பார். போர்மேன் வெளியே போய்ச் சம்பளக் கூட்டத்தில் நின்று துண்டை உதறியிருப்பார்.

நான் வாயைத் திறக்கவில்லை. கம்பை ஊன்றிக்கொண்டு அவர் மேசையைப் பார்த்தேன்.

முதலாளி போர்மேன் பக்கம் திரும்பினார். "நோயாளிய குடிகாரன்னு சொல்லி வெளிய தள்ளியிருக்கீரு. நாளைக்கு இவன் கோர்ட்டுக்குப் போனா? உம்ம அண்ணன் மகன் எப்படி அதே ரூமுக்கு மறுநாளே வந்தான்னு வக்கீல் கேட்டா நான் என்ன சொல்ல?"

"மொதலாளி, வாடை அடிச்சது."

"இப்ப அடிக்குதா?"

போர்மேன் என்னைப் பார்த்தார். முதல் தடவையாக என் வாயைப் பார்த்தார். அது திறக்குமா என்று பார்த்தார். திறக்கவில்லை.

அடுத்த வாரத்தோடு அவரை நிறுத்தினார்கள். அண்ணன் மகனையும் நிறுத்தினார்கள். முதலாளிகள் ஒருத்தருக்கொருத்தர் பேசிக்கொள்வார்கள். வம்பில் மாட்டிவிட்ட போர்மேன் என்று பேர் போயிற்று. அவர் கேட்டுப் போன கம்பெனிகளில் வேலை இல்லை என்றார்கள். எனக்கு அது எப்படி இருக்கும் என்று தெரியும். அதனால் ரசித்தேன்.

ஒரு மத்தியானம் என் வீட்டுக்கு வந்தார். கையில் சாத்துக்குடிப் பை. வாசலில் நின்றார். நான் உட்காரச் சொல்லவில்லை.

"எப்படிப்பா இருக்க?"

"இருக்கேன்."

"டாக்டரு என்னதான் சொன்னாக? மருந்துனால வந்ததா? இல்லைன்னா மொதலாளிகிட்ட ஒரு வார்த்த சொல்லிருப்பா. கேஸு கீஸு இல்லன்னு சொல்லிரு. நானும் பிள்ளைகுட்டிக்காரன்."

"அண்ணாச்சி, அன்னைக்கு என்ன வாடை அடிச்சது?"

அவர் பையை ஒரு கையிலிருந்து இன்னொரு கைக்கு மாற்றினார்.

"ஒரு வாடையும் அடிக்கல."

இதைக் கேட்கத்தான் மதுரை வரை போனேன். கேட்டதும் சந்தோசம் வரவில்லை. இன்னும் வேண்டும் என்றுதான் தோன்றியது.

"இத எங்கிட்ட சொல்லாதீக. எனக்குத் தெரியும். எம். புதுப்பட்டிக்குப் போங்க. என் மச்சான் வீட்டு வாசல்ல நின்னு சொல்லுங்க. உள்ள கூப்பிட்டாலும் போகாதீக. தெருவுல நின்னு சொல்லணும்."

"சொன்னா நீ மொதலாளிகிட்ட சொல்லுவியா?"

"போயிட்டு வாங்க."

போனார். என் மனைவி பிறகு சொன்னாள். தண்ணீர் லாரி வந்து நின்ற நேரம். தெரு முழுக்கக் குடத்தோடு பெண்கள். சைக்கிளைச் சுவரில் சாய்த்துவிட்டு, "ஒங்க வீட்டு மாப்ள குடிக்கல, வாடை அடிச்சதுன்னு நாந்தான் பொய் சொன்னேன்" என்றாராம். மச்சானுக்குச் சரியாகக் கேட்கவில்லையாம். "சத்தமாச் சொல்லும்யா" என்றாராம். மறுபடியும் சொன்னாராம். குடங்கள் நிரம்பி வழிந்ததை யாரும் கவனிக்கவில்லையாம். இந்த இடத்தை அவளை அடிக்கடி சொல்லச் சொல்லிக் கேட்டிருக்கிறேன்.

மறுநாள் மகளைக் கூட்டிக்கொண்டு வந்துவிட்டாள். மச்சானும் கூட வந்தார். செருப்பை வாசலிலேயே கழற்றினார். "மாப்ள, மனசுல வச்சுக்கிடாதீக" என்றார். தலையாட்டினேன். அவர் வீட்டில் நான் அதற்குப் பிறகு கை நனைத்ததில்லை. அவர் மகள் கல்யாணத்துக்கும் போய் நின்றுவிட்டுத்தான் வந்தேன். சாப்பிடவில்லை. ஏன் என்று அவர் கேட்கவும் இல்லை.

முதலாளியிடம் நான் போகவில்லை.

என் மனைவி விடவில்லை. அவள் நல்லவள். "ஏங்க, அவுக உள்ளதச் சொல்லிட்டாகள்ல. நீங்களும் உள்ளதச் சொல்லிருங்களேன்" என்பாள்.

"அவரு வாயத் திறந்து பொய் சொன்னாரு. நான் வாயத் திறக்கல. ரெண்டும் ஒண்ணா?"

"அவுக பொண்டாட்டி மத்தாப்புப் பெட்டி ஒட்டப் போறாகளாம். பாவமா இருக்கு."

"நீயும் ஒட்டுனயில்ல? நான் மதுரையில கெடந்தப்ப ஒங்க அண்ணன் வீட்டுல இருந்து நீயும் ஒட்டுனயில்ல?"

சோற்றை வைத்துவிட்டுப் போவாள். அடுத்த வாரம் மறுபடியும் ஆரம்பிப்பாள்.

போர்மேன் கொஞ்ச நாள் எங்கள் தெரு வழியாகத்தான் போனார். சைக்கிளை வாசலுக்கு நேரே மெதுவாக்குவார். நான் உள்ளே இருந்து பார்ப்பேன். கூப்பிட மாட்டேன். பிறகு லாரி ஆபீஸ் ஒன்றில் லோடு ஏற்றுகிற வேலைக்குப் போனதாகச் சொன்னார்கள். அந்த வயசில் பண்டல் தூக்க முதுகு வேண்டும். அவருக்கு முதுகு இருந்ததா என்று நான் விசாரிக்கவில்லை.

எனக்கு நோய் மறுபடியும் வந்தது. அடங்கியது. வந்தது. வருசத்துக்கு ஒருதரம் அந்த அம்மா படம் எடுக்கச் சொல்வார். பழைய படத்தையும் புதுப் படத்தையும் பக்கத்தில் பக்கத்தில் மாட்டிப் பார்ப்பார். புதுப் புள்ளி வந்திருக்கிறதா என்று தேடுவார். ஒரு வருசம் ஒன்று வந்திருந்தது. வீட்டுக்கு வந்து சொன்னேன்.

என் மனைவி முந்தானையால் முகத்தைத் துடைத்தாள். "நீங்க மனசுல வச்சிருக்கீகளே, அதுதான் புள்ளி புள்ளியா வருது. ஒரு வார்த்த சொல்லிட்டு வந்தா ஆத்தா விட்டுருவா" என்றாள்.

அவள் சொன்னது என்னை உறுத்தியது. அது உண்மையாக இருந்தால் போர்மேன் எனக்குள்ளே உட்கார்ந்து தின்கிறார் என்று அர்த்தம். அப்படி விட முடியாது. அடுத்த தடவை மதுரைக்குப் போனபோது, டாக்டர் படங்களைக் கவரில் போடும் நேரம் பார்த்துக் கேட்டேன்.

"ஒருத்தர் மேல வஞ்சம் வச்சிருந்தா இந்தப் புள்ளி வருமா?"

அந்த அம்மா சிரித்து நான் பார்த்தது அந்த ஒரு தடவைதான்.

"யார் மேல?"

"இருக்காரு ஒருத்தரு."

"நிம்மதியா இருக்கிறது எல்லாருக்கும் நல்லதுதான். ஆனா வஞ்சத்தால இந்தப் புள்ளி வரும்னு நான் படிச்சதில்ல."

"நல்லாத் தெரியுமா?"

"எனக்குத் தெரிஞ்ச வரைக்கும் வராது."

அவர் தெரிந்ததை மட்டும் சொல்கிறவர். கவரை வாங்கிக் கக்கத்தில் வைத்துக்கொண்டேன். பஸ் ஸ்டாண்டுக்கு நடந்தே போனேன். கால் அன்றைக்கு நன்றாக இருந்தது. வண்டியில் ஜன்னல் ஓரம் இடம் கிடைத்தது. விருதுநகர் வருவதற்குள் நல்ல தூக்கம்.